படிக்கு மேலே ஒரு ரூம்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார். "எந்த நாட்டுக்கும்மா? வூட்டு வேலைக்கா?"

"வேலைக்கு இல்ல சார். சுத்திப் பாக்க."

என்னைப் பார்த்தார். கொடியில் கம்பெனி யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தார். "ஏஜென்ட்டு யாரு, சொல்லு. துபாயா, குவைத்தா?"

"மாண்டிநீக்ரோ."

"அது எங்க கீது?"

"ஐரோப்பாவுல. சின்ன நாடு. முன்னால கடலு, பின்னால மலை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேப்பரில் கையெழுத்து வாங்கினார். போகும்போது, "எவனாச்சும் துட்டு கேட்டா குடுத்துடாத. அங்க போய் மாட்டிக்கினா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நல்ல மனுஷன். அக்கறையில்தான் சொன்னார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருவரும் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஃபேக்டரி பொம்பளை பாஸ்போர்ட் எடுத்தால் அது வளைகுடாவில் பாத்திரம் தேய்க்கத்தான். சும்மா ஊர் பார்க்க என்று சொன்னால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம்.

நாங்கள் மறைக்கவில்லை. சரியாகச் சொன்னால், நான் மறைக்கவில்லை. என்கூட வர இருந்தவள் ஒன்றை மறைத்தாள். அது எனக்குத் தெரிந்தபோது நேரம் போய்விட்டது.

அவளும் நானும் ஒரே லைன். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி. ஒரு பலகையில் கோடு வரைந்திருக்கும். கோட்டின்மேல் வயரை வைத்து, கிளிப் மாட்டி, டேப் சுற்ற வேண்டும். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். அவள் முடித்த பலகை என்னிடம் வரும். பதினோரு வருஷம் இப்படி.

எனக்கு வீடு வடக்குப்பட்டில். அவள் தென்காசிப் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இங்கே வந்தவள். ஒரகடத்தில் ஒற்றை ரூம் எடுத்துத் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை. ஊரில் ஒரு தம்பி, அவ்வளவுதான். என்னைவிட ஆறு வயது சின்னவள். என்னை யக்கா என்பாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். நான் வாடி போடிதான்.

எங்கள் ஒவ்வொருத்தி தலைக்கு மேலேயும் ஒரு பட்டன் தொங்கும். முடியவில்லை என்றால் அழுத்தலாம். மஞ்சள் லைட் எரியும், ஒரு மணிச் சத்தம் பாட்டு மாதிரி வரும், லீடர் வந்து நம் இடத்தில் நிற்பார். நாம் போய்த் தண்ணீர் குடிக்கலாம், பாத்ரூம் போகலாம், கொஞ்சம் உட்காரலாம். கம்பெனி அழுத்தாதே என்று சொல்லவில்லை. தயங்காமல் அழுத்தவும் என்றுதான் போர்டு வைத்திருந்தது. நாங்கள்தான் அழுத்த மாட்டோம். அழுத்துகிறவளைப் பார்த்துச் சிரிப்போம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அழுத்தியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரத்தில் மூன்று தடவை அவள் அழுத்தினாள். மூன்றாம் தடவை டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது நான் சொன்னேன். "இவளுக்கு இன்னாடி, மகாராணி. லைட்டப் போட்டா ஆளு ஓடி வருது. இனிமே இவ பேரு மஞ்ச லைட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "போங்கக்கா" என்றாள். பேர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் அழுத்தவே இல்லை.

அந்த நாடு எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு மிஷினால். போன வருஷம் வயர் வெட்டுகிற புது மிஷின் வந்தது. பூட்டிக் கொடுக்க அந்த நாட்டுக்காரர் ஒருவர் வந்து ஆறு வாரம் தங்கினார். நல்ல உயரம். கேன்டீன் மோரை நாலு டம்ளர் குடிப்பார். மிஷின் ஓட்டப் பழக அவளைத்தான் கொஞ்ச நாள் போட்டார்கள். இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை. அதனால் நன்றாகப் புரிந்தது.

கிளம்பும் நாளில் அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். கடலோரத்தில் தொடங்குகிறது. கல் படி. அவரே படம் எடுத்துக்கொண்டு ஏறுகிறார். இரண்டு பக்கமும் கல் வீடு, பூச்செடி, பூனை. ஏறிக்கொண்டே இருக்கிறார். மூச்சு வாங்கிச் சிரிக்கிறார். கடைசியில் ஒரு பச்சைக் கதவு. கதவைத் திறந்து அவர் அம்மா கையாட்டுகிறார். கேமராவைத் திருப்பினால் கீழே கடல், எதிரே மலை. முந்நூற்றுப் பத்து படி என்றார். அம்மா ஒரு ரூமை வாடகைக்கு விடுகிறாராம். வந்தால் குறைத்துக் கொடுப்பாராம்.

வீடியோவை அவள் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள்.

"யக்கா, இங்கன பாருங்களேன். மலையும் கடலும் ஒட்டிக்கிட்டு நிக்கி."

"ஏன், மாபல்லிபுரத்துல கடல் இல்லியா?"

"அங்க மலை இல்லைலா."

"மலை வேணும்னா உங்க ஊருக்குப் போ. ரெண்டும் ஒண்ணா கேக்குதா உனக்கு?"

அவள் வீடியோவை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டினாள். பிறகு சொன்னாள். "ஒரு காரியமும் இல்லாம ஒரு ஊருக்குப் போணும்க்கா. கல்யாணம், சாவு, கோயிலு, கோர்ட்டு ஒண்ணும் இல்லாம. சும்மா போயிட்டு சும்மா வரணும்."

அவள் கடைசியாக ஊருக்குப் போனது அம்மா சாவுக்கு. அதற்கு முன்னால் போனது கோர்ட்டுக்கு. நான் யோசித்துப் பார்த்தேன். நாற்பத்து நாலு வயது வரை ஒரு காரணம் இல்லாமல் நான் பஸ் ஏறியது கிடையாது.

"சரி, போலாம்" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் போட்டுவிட்டாள்.

பிளான் எல்லாம் கேன்டீனில்தான். டேப் வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினோம். ஆயுத பூஜை லீவோடு எங்கள் லீவைச் சேர்த்தால் பத்து நாள் கிடைக்கும். அக்டோபரில் அங்கே கூட்டம் போய்விடும், எல்லாம் விலை குறையும் என்று மிஷின்காரர் சொல்லியிருந்தார். இரண்டு இடத்தில் மாறிப் போகிற விமானம்தான் மலிவு. நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். "ஒம்பது மணி நேரம் உக்கார வைக்கானா? நமக்கு நிக்கத்தானே தெரியும்" என்றாள். கைப்பை மட்டும், ஆளுக்கு ஏழு கிலோ. சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். டாக்சி கிடையாது. பஸ்தான்.

லைனில் பேச்சு குறையவில்லை.

"யக்கா, வரும்போது என் பொண்ணுக்கு ஒரு வெள்ளக்கார மாப்ள புடிச்சினு வா."

"உன் பொண்ணு செய்ற ரசத்துக்கு அவன் அடுத்த பிளைட்டுல ஓடிடுவான்."

"மஞ்ச லைட்டு, பிளைட்டுலயும் தலைக்கு மேல பட்டன் இருக்கும், நீ அழுத்திடாத!"

"அழுத்துனா அங்க காபி வருமாம்ட்டீ" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறவர். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "மேடம் டூர் போனா எனக்கு சோறு யாரு போடுவா?"

"தண்டலத்துல பொண்ணு கீறா இல்ல. அங்க போய் துன்னு."

"ஊர்ல இன்னா சொல்வாங்க?"

"இன்னாவோ சொல்லட்டும்."

அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தங்குவதுதான் பெரிய செலவு. போனில் ரூம் ரூமாகப் பார்த்தோம். கடலோரத்தில் இருப்பது இரண்டு பங்கு வாடகை. மேலே போகப் போகக் குறைகிறது. அந்த அம்மாவின் ரூம்தான் எல்லாவற்றிலும் குறைவு. அவள் கொஞ்சம் தயங்கினாள். "கீழயும் ஒண்ணு பாப்பமாக்கா?" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"கீழ எடுத்தா நாலு நாள்ல திரும்பி வரணும். கால் நம்முது, அதுக்கு வாடகை கிடையாது. ஏறிக்கலாம்" என்றேன்.

"சரிக்கா."

அந்த அம்மாவுக்கு போனிலேயே எழுதினோம். நாங்கள் தமிழில் பேசினால் போன் அவர்கள் பாஷையில் எழுதும். அவர் எழுதுவதைத் தமிழில் காட்டும். நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. சோறு ஆக்கலாமா, தனி கக்கூஸா. பதில் வந்தது. "அன்பான பெண்மணிகளே, அரிசி சமைக்க அனுமதி உண்டு. கழிவறை உங்களுடையது. பூனை ஒன்று இருக்கிறது, அது என்னுடையது." அவள் அதை நாலு பேருக்குப் படித்துக் காட்டினாள். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தையும் அந்த அம்மாவே அனுப்பினார். எங்கள் இரண்டு பேர் பெயரும் அதில் இருந்தது. டிக்கெட்டும் எடுத்துவிட்டோம்.

எங்கள் கம்பெனியில் புது மாடல் வந்தால் முதலில் ட்ரையல் ஓட்டுவோம். ஐம்பது பீஸ் போட்டுப் பார்ப்போம். எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும். வயரை இழுத்துப் பார்க்கும் டெஸ்ட்டில் தேவைக்கு மேலேதான் இழுப்போம். அங்கே தாங்கினால் காரில் தாங்கும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இந்தப் பயணத்துக்கும் ஒரு ட்ரையல் போடலாம் என்று நான் சொன்னேன். யோசனை என்னுடையது. முந்நூற்றுப் பத்து படிக்கு முந்நூற்றுப் பத்து பத்தாது என்று, ஐந்நூறு சொச்சம் படி இருக்கிற திருக்கழுக்குன்றத்தைச் சொன்னதும் நான்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. காலையில் சிங்கப்பெருமாள் கோயில் போய், செங்கல்பட்டு போய், அங்கிருந்து பஸ். ஆளுக்கு ஏழு கிலோ பை. குக்கர் அவள் பையில். அடிவாரத்தில் ஒரு பாட்டியிடம் நாவல்பழம் ஒரு பொட்டலம் வாங்கினாள். நான் போனில் டைம் வைத்தேன். லைனில் லீடர் வைப்பாரே, அந்த மாதிரி.

நூறு படி வரை கூட வந்தாள். பிறகு பின்தங்கினாள். நான் திரும்பிப் பார்த்தால் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருப்பாள்.

"இன்னாடி?"

"நீங்க போங்கக்கா. கழுகு வருதான்னு பாத்துட்டு வாரேன்."

"கழுகு வர்றது நின்னு எவ்ளோ வருஷம் ஆவுது."

"வந்தாலும் வரும்லா."

இன்னும் கொஞ்சம் ஏறித் திரும்பினேன். படியில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். நான் மேலேயிருந்து கத்தினேன். "இன்னாடி, மஞ்ச லைட்டா?"

உடனே எழுந்துகொண்டாள். "ஒண்ணுமில்லக்கா. வந்துட்டேன்."

நான் மேலே போய் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டி முடித்த பிறகும் அவள் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் வந்தாள். பேச்சு வரவில்லை. உதடு கருநீலமாக இருந்தது.

"வழியில உக்காந்து பழம் துன்னினு வந்தியா? வாயப் பாரு."

தலையாட்டினாள்.

"எனக்குப் பதினெட்டு நிமிஷம். உனக்கு அம்பத்தி ரெண்டு. இப்படிப் போனா அந்த அம்மா கதவச் சாத்திட்டு தூங்கிடும்."

சிரித்தாள். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள். "அங்க ஒரு நாளைக்கு ஒரு தடவ ஏறுனா போதும்லாக்கா? காலையில எறங்குனா பொழுது சாய ஏறிரலாம்."

"வேணாம்னா பத்து நாளும் மேலயே உக்காந்துக்கோ."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும். சன்னல்லேருந்தே கடல் தெரியுதே."

இறங்கும்போது நன்றாகத்தான் இறங்கினாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஒரகடத்தில் இறங்கியதும் நாவல்பழப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள். வீட்டில் அந்தப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். கடைக்கார பாட்டி போட்ட முடிச்சு. அப்படியே இருந்தது. பல் பட்ட பழம் ஒன்றும் இல்லை, கொட்டை ஒன்றும் இல்லை. என் கையால்தான் அவிழ்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் பலகையில் தப்பு வர ஆரம்பித்தது. ஒரு கிளிப் விட்டுப்போயிருக்கும். டேப் இரண்டு சுற்று குறைந்திருக்கும். பதினோரு வருஷத்தில் அப்படி வந்ததில்லை. நான் என் வேலையோடு அதையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். லைனில் அது வழக்கம். பக்கத்தில் இருப்பவள் தடுமாறினால் லைட் எரியவிடாமல் நாம் மூடிவிடுவோம். அதை உதவி என்று நினைத்தோம். "மனசு பறந்து போச்சா, உடம்பு மட்டும் இங்க நிக்குதா?" என்று கேட்பேன். "ஆமாக்கா" என்பாள். மூன்று வாரம் மூடினேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பலகை வந்தது. அதில் வயரே இல்லை. வெறும் கோடு. திரும்பினேன். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். வாய் திறந்திருந்தது. உதடு அதே நிறம். அன்றைக்கு நாவல்பழம் இல்லை.

அவள் பட்டனை நான்தான் அழுத்தினேன். மஞ்சள் லைட் எரிந்தது. பாட்டு வந்தது. லீடர் ஓடி வந்து பலகையை நிறுத்தினார்.

கம்பெனி வண்டியில் பக்கத்து ஆஸ்பத்திரி. அங்கிருந்து சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. இதயத்தில் வால்வு சுருங்கிப் போயிருக்கிறது என்றார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம், அதிலிருந்தே. டாக்டர் சின்னப் பெண். அவளைக் கேட்டார். "மூச்சு வாங்கறது எவ்ளோ நாளா இருக்கு?"

"ரெண்டு வருசமா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"கூட வேலை செய்றவ."

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்."

அவர் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். நான் வெளியே பின்னாடியே போய்ச் சொன்னேன். "போன மாசம் மலைப்படி ஏற வெச்சேன் டாக்டர். அதனாலயா?"

"அதனால வந்தது இல்லம்மா. ரொம்ப நாளா இருக்கறது." கொஞ்சம் நின்று, "ஆனா ஏறியிருக்கக் கூடாது" என்றார்.

இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் முதலில் சொன்னது கேட்கிறது. ஒரு நாள் பின்னால் சொன்னது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நான் மாற்று ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் பகலில் போய் வந்தேன். அந்த வாரம்தான் எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் விசா ஒட்டி கூரியரில் வீட்டுக்கு வந்தது. அவளுடையதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"போட்டோல நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

"ஏன்டி சொல்லல?"

"எதை?"

"அடிச்சேன்னா. ரெண்டு வருஷமா மூச்சு வாங்குதுன்னு ஏன் சொல்லல?"

அவள் பாஸ்போர்ட்டை மூடி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "சொன்னா நீங்க மேல ரூமு வேண்டாம்னு சொல்லிருவிய. கீழ எடுத்தா காசு பத்தாது. அப்புறம் போகவே வேண்டாம்னு ஆயிரும். அதான்."

"அதுக்கு முன்னாடி? லைன்ல?"

அவள் பாஸ்போர்ட்டின் அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். பேர் வைத்தவள் நான்.

"யக்கா, முடியலன்னா நீங்க மட்டுமாவது போயிட்டு வாங்க" என்றாள்.

"வாய மூடினு படு. ஆபரேஷன் முடிஞ்சு அடுத்த வருஷம் போலாம். கீழ ரூம் எடுக்கலாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப நாலு நாளுதான்."

"நாலு நாள் போதும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது. தள்ளி வைத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாவது நாள் போய்விட்டாள். பகல் இரண்டு மணி. நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன்.

தம்பி வந்து ஊருக்குக் கொண்டு போனார். நான் கூடப் போனேன். பஸ்ஸில் இருந்து அவள் ஊர் மலையைப் பார்த்தேன். பெரிய மலைதான். நான் அங்கே போனதும் ஒரு சாவுக்காகத்தான்.

பிறகு தம்பி ரூமைக் காலி பண்ண வந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. பாய், குக்கர், நாலு சேலை, யூனிஃபார்ம். சுவரில் அட்டைப்பெட்டித் துண்டு ஒட்டியிருந்தாள், பிளான் எழுதியது. பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுத் தம்பி கேட்டார். "அக்கா எந்த நாட்டுக்கு வேலைக்குப் போறதா இருந்தா?"

"வேலைக்கு இல்லப்பா. சுத்திப் பாக்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கோபம் இல்லை. அக்கா தன்னிடம் ஏதோ மறைத்துவிட்டாள் என்ற வருத்தம். நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா பூனை பற்றி எழுதியிருந்ததை என் போனில் காட்டினேன். அவர் நம்பவில்லை. "சரிங்க" என்றார். குக்கரை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நாள் தள்ளிக்கொண்டே போனேன். செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் எழுதினேன். "என்கூட வர இருந்தவள் இறந்துவிட்டாள். நாங்கள் வரவில்லை. அவளுக்கு இதயத்தில் நோய் இருந்தது. உங்கள் வீட்டுப் படி ஏறுவதற்காக இங்கே ஒரு மலையில் ஏறிப் பழகினோம். அது நான் தெரியாமல் செய்த தப்பு."

இதை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்க்கப் போவதில்லை.

பதில் வந்தது. முதலில் வருத்தம். தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி வைப்பதாக எழுதியிருந்தார். அடுத்த வரி, "எந்தப் படி?"

கடலிலிருந்து வரும் படி, உங்கள் மகன் வீடியோ எடுத்தது, முந்நூற்றுப் பத்து, என்று எழுதினேன்.

பிறகு ஒரு போட்டோ வந்தது. தார் ரோடு. ஒரு பஸ் ஸ்டாப், மேலே தகரம். அதற்குக் கீழே கொஞ்சம் படி. கீழே பச்சைக் கதவு தெரிந்தது. அதோடு எழுத்து. "பேருந்து மேல் சாலையில் நிற்கும். அங்கிருந்து என் வீட்டுக்குப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். கடல் பக்கமாக யாரும் பையோடு வருவதில்லை. நான் நிறுத்தத்தில் வந்து நிற்பதாக இருந்தேன். நீங்கள் கேட்கவில்லையே."

இறங்க வேண்டும். ஏறக்கூட வேண்டாம்.

நாங்கள் கேட்கவில்லை. சோறு கேட்டோம், கக்கூஸ் கேட்டோம். வழி கேட்கவில்லை. லைனில் எங்கள் கண் முன்னால் படம் போட்ட ஒரு தாள் தொங்கும். எந்த வயர் முதலில், எது அடுத்தது என்று. அந்தப் படத்தில் இருப்பதைச் செய்வோம். வேறு வழி உண்டா என்று யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. வீடியோவில் படி இருந்தது. படி ஏறினோம்.

அந்தப் போட்டோவை நான் யாருக்கும் காட்டவில்லை.

அந்த அம்மா இன்னும் ஒன்று எழுதியிருந்தார். "தனியாக வருகிறீர்களா? அறையை உங்களுக்காக வைத்திருக்கிறேன்." ஒரு நாள் யோசித்தேன். விசா இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. பன்னிரண்டு படியையும் நான் ஒருத்தி மட்டும் இறங்க வேண்டும். "வேண்டாம் அம்மா. வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று எழுதினேன். எழுதி வாங்கியிருந்த லீவையும் கான்சல் பண்ணிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் விமானம். அன்றைக்கு முதல் ஷிஃப்ட் பார்த்தேன். மதியத்துக்கு மேல் லைனைக் கழுவி, மிஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். அதுவரை பலகை ஓடும். அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி. வேகமான கை. அவள் அனுப்பும் பலகையில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கூடுதல் வேலை இல்லை.

பதினொரு மணி இருக்கும். எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. தாகமும் இல்லை. ஒரு பலகை வந்தது. கை போகவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கையைத் தூக்கி என் தலைக்கு மேலே இருந்த பட்டனை அழுத்தினேன்.

மஞ்சள் லைட் எரிந்தது. பாட்டு வந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி பழக்கத்தில் கத்தினாள். "யாருடி அது, மஞ்ச லைட்டு?"

கத்தியவளே வாயை மூடிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. டேப் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றேன்.

லீடர் ஓடி வந்தார். சின்ன வயது. என் லைட் எரிந்து அவர் பார்த்ததில்லை. "இன்னாக்கா? இன்னா ஆச்சு? பாத்ரூமா?"

"இல்ல."

"உடம்பு முடியலயா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அப்புறம் இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு என் இடத்தில் நின்றுகொண்டார். நான் போய்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பலகை நகர்ந்துகொண்டே இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்.